கூலியும் கேள்வியும்

சுபாங் ஜெயா இன்று மாநகரத் தகுதி பெற்ற ஊர். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அத்தகுதி அதற்கு வழங்கப்பெற்றது. அடுக்கு மாளிகைகளும் பேரங்காடிகளும் கல்லூரிகளும் நிறைந்த அந்நகரில் பிறந்து வளரும் இளைஞர் ஒருவர், தம் காலடி மண் ஒருகாலத்தில் பால்மரக் காடாக இருந்தது என்பதை எளிதில் நம்பமாட்டார். ஆயினும் உண்மை அதுவே. 1970-களின் நடுப்பகுதியில் வீடமைப்புத் திட்டம் தொடங்கும்வரை அந்நிலம் சீபீல்டு தோட்டம் என்றே வழங்கியது. தோட்டம் போயிற்று, லயங்கள் போயின, விடியுமுன் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்களமும் போயிற்று. எஞ்சியவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று மாரியம்மன் கோயில். மற்றொன்று, தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளி. அப்பள்ளி மாணவன் தன் பள்ளியின் பெயரை எழுதும்போதெல்லாம் ‘தோட்டம்’ என்னும் சொல்லையும் சேர்த்தே எழுதுகின்றான். ‘தோட்டம் எங்கே, ஐயா?’ என்று அவன் ஒருநாள் ஆசிரியரைக் கேட்கக்கூடும்.

‘பால்மரங்கள் இருந்த இடம், தம்பி’ என்று விடை கூறி முடித்துவிடலாம். ஆனால் அது முழுமையான விடையாகாது. தோட்டம் என்பது மரங்களின் வரிசை மட்டுமன்று. அது மனிதர்களை நிறுத்தி வைத்த வரிசையும் ஆகும். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி, எல்லார்க்கும் கீழே பால் வெட்டும் தொழிலாளி. கூலி கொடுப்பவரே கூலியின் அளவையும் முடிவு செய்தார். வாங்குபவர் வாங்கிக்கொள்ள வேண்டுமேயன்றிக் கேட்கலாகாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அச்சட்டம் 1941-ஆம் ஆண்டில் மீறப்பட்டது. மீறியவர்களைத் துப்பாக்கி எதிர்கொண்டது. கூலி உயர்வு கேட்பது குற்றமா? கேட்டவரை ஆயுதத்தால் அடக்கும் அரசு உண்மையில் எதைக் காக்கின்றது? அன்று எழுந்த இவ்வறவினாக்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

நிகழ்ந்தது என்ன என்பதை முதலில் காண்போம். 1930-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்களில் கூலி வெட்டப்பட்டது. வேலையிழந்த தமிழர் பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை மீண்டும் ஏறியபோதோ கூலி அதே விரைவில் ஏறவில்லை. 1938-இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. 1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. போருக்கு ரப்பர் இன்றியமையாதது. பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்த பொருளும் அதுவே. தோட்ட முதலாளிகள் நல்ல விலை கண்டனர். தொழிலாளியோ ஏறிய அரிசி விலையைக் கண்டார். தமிழ்த் தொழிலாளிக்கு நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. பெண்ணாயின் அதனினும் குறைவு. சீனத் தொழிலாளர் பெற்ற ஊதியம் இதைவிட மிகுதி.

இந்நிலையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரிடையே பணியாற்றத் தொடங்கியது. ஒய்.கே. மேனனும் இதழியல் துறையைச் சார்ந்த ஆர்.எச். நாதனும் அதன் முன்னணியில் நின்றனர். 1941-இன் முற்பகுதியில் தோட்டந்தோறும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவற்றின் பயனாகக் கூலியில் சிறிய உயர்வு கிட்டியது. ஆயினும் கோரிக்கைகள் அத்துடன் நிற்கவில்லை. மே மாதம் 5-ஆம் நாள் நாதன் சிறைப்பிடிக்கப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. காவல்துறையோடு படையினரும் இறக்கப்பட்டனர். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்; பலர் காயமுற்றனர்; ஏறத்தாழ 300 பேர் கைது செய்யப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதானோர் பலரும் கடல் கடந்து திருப்பி அனுப்பப்பட்டனர்.

இங்கே ஆழ்ந்து நோக்க வேண்டியது அவர்தம் கோரிக்கைப் பட்டியல். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, நல்ல மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு முடிவு ஆகியன அதில் இருந்தன. இவற்றை நிறைவேற்றப் பணம் வேண்டும் என்பது மெய்தான். கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று முன்னரே விதித்திருந்தது. ஆகவே கல்வி பற்றிய கோரிக்கை புதிய சலுகைக்கானதன்று. ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட கடமையை ஒழுங்காகச் செய்யுமாறு நினைவூட்டியதேயாகும்.

ஆனால் அப்பட்டியலில் ஒரு காசும் செலவில்லாத கோரிக்கைகளும் இருந்தன. துரையும் கிராணியும் எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும்; பெண்டிரின் மானத்துக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டும்; குறை சொன்னவரைப் பழிவாங்கலாகாது; கூடிப் பேசவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். இவையெல்லாம் எந்த முதலாளியின் கணக்கேட்டில் செலவாக ஏறும்? ஒருவர் மிதிவண்டியில் அமர்ந்தபடியே கடந்து செல்வதால் ரப்பர் விலை குறைந்துவிடுமா?

இன்னும் ஒன்று சிந்தனைக்குரியது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். ‘கூலியை உயர்த்தினால் குடித்தே அழிப்பான்’ என்பது தொழிலாளியைப் பற்றி மேலிருப்போர் எக்காலத்தும் சொல்லும் சொல். குடியை ஒழிக்குமாறு தொழிலாளியே கேட்டபோது அந்தச் சொல் பொருளற்றுப் போயிற்று. காசுக்காக மட்டும் எழுந்த குரல் அன்று அது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கிள்ளானில் நிகழ்ந்ததற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகம் இதே போன்றதொரு நிகழ்ச்சியைக் கண்டிருந்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். சில நாள்களிலேயே ஆலை நிருவாகம் இறங்கி வந்தது, தொழிலாளர் வென்றனர். நூல் நூற்கும் ஆலையில் கூலிப் பூசல் தீர்ந்தது. ஆனால் மார்ச் 12-ஆம் நாள் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததை அரசு பொறுக்கவில்லை. கைதுச் செய்தி கேட்டு ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்த வரலாறு தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்ததே.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டிடத்தும் கூலி ஓரளவு கொடுக்கப்பட்டது. அதன் பின்னரே தலைவர் கைதானார். அதன் பின்னரே குண்டு பாய்ந்தது. கொடுக்கப் பணமில்லாமையால் துப்பாக்கி எடுக்கப்படவில்லை. கூலி உயர்வு கொடுக்கக்கூடியதாகவே இருந்தது. கொடுக்க இயலாததாக ஆள்வோர் கருதியது வேறொன்று. அது, கேட்கும் உரிமை. தாமாக மனமிரங்கி ஐந்து காசு கூட்டித் தருபவர் துரையாகவே நீடிக்கின்றார். கேட்டதன்பேரில் ஐந்து காசு தருபவரோ, எதிரே நிற்பவரும் தம்மொடு பேசத் தகுதியுடைய மனிதரே என்பதை ஒப்புக்கொண்டவராகின்றார். அந்த ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகவே படை வந்தது. கூலி கேட்பவர் கேட்பது கூலியை மட்டுமன்று. தாம் கேட்கத்தக்கவர் என்னும் மதிப்பையும் சேர்த்தே கேட்கின்றார்.

இதற்கு மாறான கருத்துகளையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். அமைதியின்றி அரசில்லை, போர்க்காலத்தில் உற்பத்தி தடைப்பட்டால் நாடே இடருறும் என்பது ஒன்று. இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் அமைதி இருவகைப்படும். குறை தீர்ந்ததால் உண்டாகும் அமைதி ஒன்று. குறை சொல்ல அஞ்சுவதால் உண்டாகும் அமைதி மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 1941 மே மாதத்தில் துப்பாக்கி நிலைநாட்டியது இரண்டாம் வகை. அவ்வமைதி எத்தனை நாள் நிலைத்தது? டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் கைக்குச் சென்றது. ஒழுங்கைக் காப்பதற்காக உழைப்பவரின் குருதியைச் சிந்திய ஆட்சி, எட்டே மாதத்தில் சிலாங்கூரைக் கைவிட்டுச் சென்றது.

வேலைநிறுத்தக்காரரும் வன்முறையில் இறங்குகின்றனரே என்பது இன்னொரு வாதம். கம்புகளோடு திரண்டனர், வேலைக்குச் சென்றவரை மிரட்டினர் என்று அன்றைய அரசுத் தரப்பும் கூறியது. கூட்டத்தில் சினம் எல்லை மீறுதல் உண்டு. அதனை அறம் என்று கொள்வதற்கில்லை. வேலைக்குச் செல்ல விரும்பும் ஏழையை மற்றோர் ஏழை அடிப்பதும் தவறே. ஆயின் தவற்றைத் தடுக்க எழும் வலிமைக்கும் ஓர் அளவு உண்டு. கல்லுக்குக் குண்டு ஈடாகாது. கல்லெறிந்தவன் இவனென்று அறிந்து அவனைப் பிடிப்பது சட்டம். கூட்டத்தை நோக்கிச் சுடுவதோ, யார் என்பதைப் பாராமலே தண்டிப்பது. குற்றத்துக்கும் கோரிக்கைக்கும் வேறுபாடு காணாத தண்டனை நீதியாகாது.

கூலியைச் சந்தை முடிவு செய்கின்றது. ஒத்துக்கொண்டுதானே வேலைக்கு வந்தனர் என்பது மூன்றாவது வாதம். இதுவே மூன்றனுள் மிகவும் நாகரிகமாகத் தோன்றுவது. ஒப்பந்தம் என்பது இருவர் பேசி முடிப்பது. ஒருவர் பேசலாம், மற்றவர் பேசினால் வேலையோடு வீட்டையும் இழப்பார், தாய்நாட்டுக்குக் கப்பலேற்றப்படுவார் என்றால், அங்கே நிகழ்ந்தது ஒப்பந்தமா? திருவள்ளுவர் கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தில், ஆயுதந்தாங்கிய வழிப்பறிக்காரனையும் அதிகாரந்தாங்கிய அரசனையும் ஒப்பிட்டுக் காட்டுகின்றார். கேட்கும் சொல் எத்துணை மென்மையாயினும் பின்னால் ஆயுதம் நின்றால் கொடுப்பவரின் இசைவு இசைவாகாது என்பது அதனால் விளங்கும். துப்பாக்கியின் நிழலில் உறுதி செய்யப்பெறும் கூலிக்கும் இது பொருந்தும்.

தமிழ் மரபு ஆட்சிக்கு வகுத்த இலக்கணம் வேறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் வாயிலில் வந்து நிற்கின்றாள். அவள் கோலமோ அச்சந்தருவது, சினமோ அடங்காதது. காவலன் நடுங்கிச் சென்று மன்னனிடம் அறிவிக்கின்றான். அவளை விரட்டுமாறு மன்னன் ஆணையிடவில்லை, உள்ளே வரவிடுகின்றான், நீ யார் என்று கேட்கின்றான், குற்றச்சாட்டை முழுவதும் செவிமடுக்கின்றான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அளவில் தன் தவற்றை உணர்ந்து உயிர் துறக்கின்றான். கோவலனைக் கொல்வித்த பிழை அவனுடையது. எனினும் இலக்கியம் அவனை முற்றும் இகழாமைக்குக் காரணம், வாயிலுக்கு வந்த கேள்வியை அவன் உள்ளே விட்டமையே. கேள்வியை வாயிலிலேயே வெட்டி வீழ்த்தியிருந்தால் அவன் உயிர் தப்பியிருக்கலாம். அரசன் என்னும் பெயர் தப்பியிராது.

இவையெல்லாம் பழங்கதை என்று அமைதல் இயலாது. ரப்பர் இருந்த இடத்தில் இன்று ஆடை இருக்கின்றது. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில், மாதம் 160 டாலர் குறைந்தபட்ச ஊதியம் கேட்டுப் போராடிய ஆடைத் தொழிலாளர் மீது படைக்காவலர் சுட்டனர். குறைந்தது நால்வர் மாண்டனர். வங்காளதேசத்தில் 2023-இன் இறுதி மாதங்களில் ஆடைத் தொழிலாளர் மாதம் 23,000 டாக்கா கேட்டுத் தெருவுக்கு வந்தனர். 8,000 டாக்காவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 12,500 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குள் குறைந்தது நான்கு உயிர்கள் போயின. சிறிய உயர்வு, கைது, துப்பாக்கி என்று தூத்துக்குடியிலும் கிள்ளானிலும் கண்ட அதே மூன்றும் இங்கும் இருந்தன. வரிசை மட்டுமே சற்று மாறியது.

அங்கே தைக்கப்பெறும் சட்டைகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. சுபாங் ஜெயாவின் பேரங்காடிகளிலும் அவை தொங்குகின்றன. விலை மலிந்த சட்டையை வாங்குபவர் குற்றவாளி என்று கூறுதல் மிகைக்கூற்று. வாங்குபவரும் பெரும்பாலும் சிறு வருவாயினரே. ஆயினும் மலிவு எங்கிருந்து வந்தது என்று கேளாதிருத்தல் வேறு. 1941-இல் இலண்டன் மாநகரில் வண்டிச்சக்கரம் வாங்கியவர் கிள்ளான் தோட்டத்தின் லயத்தை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். அவர் எண்ணவில்லையே என்று வருந்தும் உரிமை, இன்று எண்ணிப் பார்ப்பவர்க்கே உண்டு.

இன்னும் அண்மையில் ஒரு சோதனை காத்திருக்கின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் இன்று உழைப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் மியன்மார் நாட்டினரும் இந்தோனேசியரும் மிகப்பலர். கடன் வாங்கிக் கடல் கடந்து வந்தவர்கள். குறுகிய அறையில் பலராகத் தங்குகின்றவர்கள். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வேலை போனால் இந்நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும் என்னும் அச்சத்தில் வாழ்கின்றவர்கள். இவர்களைக் காணும் தமிழருக்கு இது எங்கோ கேட்ட கதையாகத் தோன்ற வேண்டும். கேட்டால் கப்பலேற்றப்படுவோம் என்று பாட்டன் அஞ்சிய அச்சமே இன்று வேறு மொழி பேசுகின்றது. இந்நாட்டில் 2013-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. அது தொழிற்சாலையில் உழைக்கும் அயல்நாட்டவர்க்கும் உரியது. சட்டம் அந்த அளவுக்கு வந்துள்ளமை போற்றத்தக்கது. ஆனால் சட்டம் கொடுத்ததைக் கேட்டுப் பெறும் துணிவு வேண்டும்; கேட்டவர்க்குத் தீங்கு நேராத சூழலும் வேண்டும்.

கிள்ளானின் ஐவர் கேட்டவை எவை? சங்கம் அமைக்கும் உரிமை, குறை சொல்லும் உரிமை, பிள்ளைக்குப் பள்ளி, மிதிவண்டியில் நிமிர்ந்து செல்லும் மதிப்பு. இவற்றுள் எதையும் இன்று எவரும் மறுப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954-இல் தோன்றி, அன்று குற்றமெனப்பட்டதை நாளடைவில் வழக்கமாக்கிற்று. பேரன் மகிழுந்தில் செல்கின்றான்; எவர்க்காகவும் இறங்கி நிற்பதில்லை. ஆனால் காலம் கடந்தபின் நீதியை ஒப்புக்கொள்வது எளிது, அதற்கு விலையில்லை. அந்த ஐவரை இன்று புகழ்பவர், தம் கடையிலோ தொழிற்சாலையிலோ வீட்டுவாயிலிலோ ஓர் அயல்நாட்டுத் தொழிலாளி தயங்கித் தயங்கி ‘சம்பளம் குறைகின்றதே’ என்று கேட்கும்போது என்ன விடை கூறுகின்றார்? அவ்விடையே அவர் அப்புகழ்ச்சிக்குத் தரும் உண்மையான விலை. அவ்விடத்தில் முகம் சுளிப்பவர், அறிந்தோ அறியாமலோ, மற்றொருவரை மிதிவண்டியிலிருந்து இறங்கச் சொல்கின்றார்.

இவ்வுண்மையைக் கற்பிக்கத் தனிப் பாடநூல் வேண்டுவதில்லை. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் மாணவனை ஆசிரியர் எவ்வாறு நடத்துகின்றார் என்பதிலேயே அது தொடங்குகின்றது. கேட்பது அடங்காமை என்று கற்ற பிள்ளை, வளர்ந்தபின் கேட்கவும் அஞ்சும். தன்னைக் கேட்பவரைக் கண்டு வெகுளவும் செய்யும். கேட்பது மனிதர்க்கு இயல்பு என்று கற்ற பிள்ளையோ, தொழிலாளியாயின் நிமிர்ந்து கேட்கும். முதலாளியாயின் அமர்ந்து செவிமடுக்கும்.

ஆகவே தோட்டத்தின் பெயர் தாங்கிய பள்ளியில் ஒரு மாணவன், ‘தோட்டம் எங்கே, ஐயா?’ என்று கேட்பானாயின், ஆசிரியர் அவனை அமரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்ல வேண்டா. பால்மரங்களைப் பற்றிச் சொல்லட்டும். லயத்தைப் பற்றிச் சொல்லட்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஐவர் ஏன் இறந்தனர் என்பதையும் சொல்லட்டும். அதன்பின், அன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தவர்கள் எந்த நாட்டினர் என்று அவனையே திருப்பிக் கேட்கட்டும்.